அப்ளைடு மேத்ஸ் படிப்பு: போட்ட பணம் எந்த வயதில் திரும்பும்?

10 மே 2025, காலை (கேள்வி)

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணக்கில் 96. இன்ஜினியரிங் வேண்டாம், கணக்கே படிக்கிறேன் என்கிறாள். ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் 5 வருட ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. அப்ளைடு மேத்தமேடிக்ஸ் இருக்கிறது. வருடத்துக்கு 1,60,000 கட்டணம், ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேர்த்து 90,000. லோன் போட்டுத்தான் கட்ட முடியும். இன்னொரு பக்கம், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி. பி.எஸ்சி. கணிதம், வருடம் 12,000க்குள் முடிந்துவிடும். "கணக்கு படிச்சா டீச்சர்தான்" என்கிறார் என் மச்சான். அட்மிஷன் ஆபீஸில் "டேட்டா சயின்ஸ் வேலை, ஆரம்பமே 8 லட்சம்" என்கிறார்கள். போட்ட பணம் திரும்புமா? படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

10 மே, இரவு (பதில்)

நான் படித்தது இதே படிப்பு. 2003இல் பி.எஸ்சி. சேர்ந்தேன், 2008இல் எம்.எஸ்சி. முடித்தேன், அதன்பின் ஒரு வருடம் எம்.ஃபில். இன்று ஆயுள் காப்பீட்டுத் துறையில் தரவு மாடல் போடுகிற வேலை. திரும்புமா என்றால் எனக்குத் திரும்பியது, ஆனால் ரொம்ப நாள் ஆனது. கட்டணத்தைவிட வருடங்கள்தான் அதிகம் செலவாகின. இது வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது என்பதால் எண்ணோடு வருகிறேன். அப்பா துறையூரில் தையல்கடை வைத்திருந்தார். ஆர்டர் எழுதும் நீள நோட்டின் கடைசிப் பக்கங்களில் என் படிப்புச் செலவை எழுதி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், எடுத்து வருகிறேன்.

11 மே

அதற்குள் லோன் கணக்கு. வருடம் 2.5 லட்சம், 5 வருடத்துக்கு 12.5 லட்சம். 10 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 16,500 ரூபாய். முதல் சம்பளம் 30,000 என்றால் பாதிக்கு மேல் இதற்கே.

11 மே, ஒரு மணி நேரம் கழித்து

மேலே போட்டது தப்பு. படிக்கும் 5 வருடமும், அதன்பின் கொடுக்கும் 1 வருட அவகாசமும் வட்டி இல்லாதவை அல்ல. தவணை தொடங்காது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் வாங்கிய 2.5 லட்சத்துக்கு 6 வருட வட்டி, அடுத்த வருடம் வாங்கியதற்கு 5, பிறகு 4, 3, 2. மொத்தம் 20 வருட வட்டி, வருடம் 25,000 வீதம். தனிவட்டியாகவே 5 லட்சம். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 17.5 லட்சம். மாதம் சுமார் 23,100. 15 வருடமாக நீட்டினால் 18,800.

16,500க்கும் 23,100க்கும் நடுவில் இருப்பது ஒரு பெண் வேலைக்குப் போன முதல் வருடத்தில் நிம்மதியாக மூச்சு விடுவதா இல்லையா என்பது. வங்கியில் "முதல் தவணை எந்த மாதம், அன்றைக்கு அசல் எவ்வளவு" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்துப் பிணையமும் கேட்பார்கள்.

13 மே

நோட்டு கிடைத்தது. பேனா மை மங்கியிருக்கிறது, கூட்டல் எல்லாம் சரியாக இருக்கிறது.

பி.எஸ்சி. மூன்று வருடம்: 31,460. இதில் பாதிக்கு மேல் துறையூரிலிருந்து திருச்சிக்குப் போய்வந்த செலவும் மதியச் சாப்பாடும். எம்.எஸ்சி. இரண்டு வருடம், ஹாஸ்டலோடு: 58,200. எம்.ஃபில்.: 24,000. மொத்தம் 1,13,660 ரூபாய்.

ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரத்தில் ஆறு வருட உயர்கல்வி. இதைப் பார்த்ததும் உள்ளூர்க் கல்லூரிக்கே போங்கள் என்று எழுதிவிட நினைத்தேன். நாளைக்கு எழுதுகிறேன்.

14 மே

நேற்று எழுதாமல் விட்டது நல்லதாயிற்று. அம்மாவிடம் போனில் கணக்கைச் சொன்னேன். "சங்கிலி வச்சத எழுதலையா?" என்றார்.

2006 ஜூனில் எம்.எஸ்சி. ஹாஸ்டலுக்குக் கட்டுவதற்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 20,000 வாங்கியிருக்கிறார்கள். ரெண்டு வட்டி. மாதம் 400. மீட்டது 2010 ஜூன், நான் வேலைக்குப் போய் ஒரு வருடம் கழித்து. 48 மாதம், 19,200 ரூபாய் வட்டி. வாங்கிய தொகைக்குக் கிட்டத்தட்ட இணையாக வட்டியே போயிருக்கிறது. அப்பாவின் நோட்டில் அது இல்லை, ஏனென்றால் வட்டியை அம்மா பால் காசில் கட்டிவந்தார்.

மொத்தம் 1,32,860. நான்கு வருடம் அம்மா கல்யாணங்களுக்கு மஞ்சள் கயிற்றோடு போய் வந்திருக்கிறார். அப்போது நான் ஹாஸ்டலில் மெஷர் தியரி படித்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவே இல்லை.

கேட்டவருக்கு: வீட்டில் கணக்கு எழுதுபவர் ஒருவர், செலவைத் தாங்குபவர் இன்னொருவராக இருக்கலாம். இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கூட்டுங்கள்.

17 மே

செலவு தெரிந்தது. ஆனால் அந்த ஆறு வருடம் நான் சம்பாதிக்கவில்லையே, அது எங்கே வரும்? இதற்கு என் வீட்டிலேயே ஒப்பீடு இருக்கிறது. அண்ணன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். அவனிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். இரண்டு பேரையும் வயதுக்கு வயது வைத்துப் பார்க்கிறேன்.

18 முதல் 23 வரை (நான் கல்லூரியில் சேர்ந்தது 17இலேயே): அண்ணன் துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் யூனிட்டில். அப்ரன்டிஸாக மாதம் 1,500, அடுத்த இரண்டு வருடம் 3,000, அதற்கடுத்த இரண்டு வருடம் 5,000. மொத்தம் 2,10,000. எனக்கு மைனஸ் 1,32,860. ஆக, 23 வயதில் நான் அவனுக்கு 3,42,860 பின்னால்.

23 முதல் 28 வரை: நான் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் எம்1, எம்2, எம்3 என்ற கணக்குத் தாள்களை நடத்தினேன். 8,000இல் தொடங்கி 14,500இல் முடிந்தது. ஐந்து வருடத்தில் 6,48,000. அண்ணன் இரண்டு வருடம் இங்கே, மூன்று வருடம் கத்தாரில், கையில் மாதம் 22,000. ஏஜென்டுக்குக் கொடுத்த 80,000ஐக் கழித்தால் 9,04,000. 28 வயதில் இடைவெளி 5,98,860.

பிறகு நான் வேலையை விட்டு எட்டு மாதம் வீட்டில் இருந்து ஆர் என்ற கணினி மொழியும் புள்ளியியல் மாடலும் படித்தேன். பயிற்சிக்கு 45,000. அந்த எட்டு மாதத்தில் அண்ணன் சம்பாதித்தது 2 லட்சம். இடைவெளி 8,43,860. என் வாழ்க்கையில் நான் மிக ஏழையாக இருந்த நாள் அதுதான். அப்போது எனக்குத் தெரியவில்லை, இப்போது எண்ணாகப் பார்க்கும்போது தெரிகிறது.

அதன்பின் 4.2 லட்சத்தில் வேலை. அடுத்தடுத்த வருடம் 5, 6.2, 7.2. அண்ணனுக்கு 3 லட்சத்திலிருந்து 3.6 வரை. இப்படிக் கூட்டிக்கொண்டு வந்தால் நான் அவனை எட்டிப் பிடித்தது 32 வயது 5 மாதத்தில்.

18 மே

மேலே ஒருவர் "2006இன் ரூபாயும் 2018இன் ரூபாயும் ஒன்றா?" என்று கேட்டிருக்கிறார். நியாயம். காப்பீட்டுத் துறையில் இருந்துகொண்டு நானே அதை விட்டிருக்கக் கூடாது. பழைய ரூபாய்க்கு வருடம் 8 சதவீத வட்டி வைத்து மறுபடி போட்டேன். 28 வயது 8 மாதத்தில் இடைவெளி 8.4 லட்சம் இல்லை, 11 லட்சத்துக்கு மேல். எட்டிப் பிடித்த வயது 32½ இல்லை, கிட்டத்தட்ட 34.

பதினெட்டில் தொடங்கி முப்பத்திநான்கில் சமம். அதற்குப் பிறகு நான் வேகமாக முன்னால் போகிறேன் என்பதும் உண்மை, அதை மறைக்கவில்லை.

18 மே, இரவு

அண்ணன் இதைப் படித்துவிட்டுப் போன் செய்தான். "கணக்கெல்லாம் சரி பாப்பா. என் முதுகு வலிய எந்தக் காலத்துல எழுதுன?"

எழுதவில்லை. அவனுக்கு 36இல் முதுகுத் தண்டில் பிரச்சினை வந்தது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான், இப்போது குனிந்து வேலை செய்வது இரண்டு பையன்கள். என் வேலை 58 வரை என்னால் செய்ய முடியும். அவன் வேலை அப்படியில்லை. வருடச் சம்பளத்தை மட்டும் கூட்டுபவர்கள் எத்தனை வருடம் உடம்பு கொடுக்கும் என்பதையும் கூட்ட வேண்டும். அதற்கு என்ன எண் போடுவது என்று எனக்குத் தெரியாது, ஆனால் பூஜ்யம் போட்டது தவறு.

21 மே

இரண்டு நாளாக அந்த 23 முதல் 28 வரையே மனதில் ஓடுகிறது. ஆறு வருடப் படிப்புச் செலவு 1,32,860. அந்த ஐந்து வருடத்தில் மட்டும் அண்ணனைவிட நான் குறைவாகச் சம்பாதித்தது 2,56,000. படிப்புக்குப் போட்டதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. படிப்புச் செலவு என்னைப் பின்னுக்குத் தள்ளியதைவிடப் படிப்புக்கும் சரியான வேலைக்கும் நடுவில் நின்ற ஐந்து வருடம்தான் அதிகம் தள்ளியது.

ஏன் நின்றேன்? முதல் காரணம், கல்லூரியில் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேறு வேலைக்கு இன்டர்வியூ போக வேண்டுமென்றால் அலுவலகத்தில் கெஞ்ச வேண்டும். யாரும் வேலைக்குச் சேரும்போது அசலைக் கொடுக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், நகல் வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது காரணம், எனக்குக் கையில் கருவி இல்லை. அப்ளைடு மேத்தமேடிக்ஸ் என்று பட்டத்தில் அச்சடித்திருந்தது. நியூமரிக்கல் மெத்தட்ஸ் தாளில், சமன்பாடுகளின் விடையைச் சுற்றுச் சுற்றாக நெருங்கும் காஸ்-சீடல் முறையைக் கால்குலேட்டர் வைத்து நான்கு தசம இடம் வரை கையால் போட்டோம். வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கான ரூங்கே-குட்டா முறையும் கையால். அதிக லாபம் தரும் கலவையைத் தேடும் சிம்ப்ளெக்ஸ் முறையின் அட்டவணை மூன்று மாறிக்குக் கையால், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு. 1947இல் டான்ட்சிக் கண்டுபிடித்தது, கம்ப்யூட்டரில் ஓடுவதற்காகவே வளர்ந்த முறை, அதை நாங்கள் கணினி பக்கமே போகாமல் படித்து முதல் வகுப்பில் தேறினோம். காஸ்-சீடல் ஒரு விடையில் போய் நிற்க, மூலைவிட்ட உறுப்புகள் பெரிதாக இருப்பது போதுமான நிபந்தனை என்று மனப்பாடம் செய்திருந்தேன். நிற்காமல் போனால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கையால் போடுவதற்காகக் கொடுக்கும் கணக்கெல்லாம் விடை வருகிற கணக்காகத்தானே இருக்கும்.

2014இல் வீட்டில் பழைய லேப்டாப்பில் அதையே பத்துப் பதினைந்து வரியில் எழுதி ஓடவிட்டபோது அழுகை வந்தது. இது எனக்கு 2006இல் கிடைத்திருக்க வேண்டியது.

24 மே

மேலே ஒரு தம்பி கேட்கிறார்: கடைசியில் ஆர், பைத்தான்தான் சோறு போட்டது என்றால் கணக்குப் பட்டம் எதற்கு, ஆறு மாதக் கோர்ஸ் போதாதா?

போதாது. ஏன் என்று ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், யாரெல்லாம் பாலிசியைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று கணிக்கும் மாடல். குழுவில் எல்லோரும் என்னைவிட வேகமாகக் கோட் எழுதுபவர்கள். மாடல் ஓடியது, விடையும் வந்தது. ஆனால் போன மாதத் தரவில் பிரீமியம் கூடினால் பாலிசியை விடுவது குறைகிறது, இந்த மாதத் தரவில் கூடினால் விடுவதும் கூடுகிறது. குணகத்தின் குறியே தலைகீழ். இரண்டு வாரம் தரவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள், எங்கோ அழுக்கு இருக்கிறது என்று.

எனக்கு அந்தப் பட்டியலைப் பார்த்ததுமே தெரிந்தது. வருடப் பிரீமியம் ஒரு நெடுவரிசையில், மாதப் பிரீமியம் இன்னொரு நெடுவரிசையில். மாதத் தவணையைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருடப் பிரீமியத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும், தவணையாகக் கட்டுவதற்காக ஏற்றுவது. அந்தக் 'கொஞ்சம்' பாலிசிக்குப் பாலிசி மாறுவதால் இரண்டு நெடுவரிசையும் அச்சு அசலாக ஒன்று இல்லை. முழுக்க ஒன்றாக இருந்திருந்தால் மென்பொருளே ஒன்றைத் தூக்கிப் போட்டிருக்கும். கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஏற்றுக்கொண்டது. மாடல் தலைகீழ் (இன்வர்ஸ்) எடுக்க வேண்டிய அணி (மேட்ரிக்ஸ்), தலைகீழே எடுக்க முடியாத நிலையின் விளிம்பில் நிற்கிறது. தரவில் ஒரு நூல் அசைந்தால் விடை ஒரு முழம் தாவுகிறது. லீனியர் ஆல்ஜீப்ராவில் கண்டிஷன் நம்பர் என்று படித்தது இதுதான். ஒரு நெடுவரிசையை எடுத்துவிட்டு ஓடவிட்டோம், குறி நிலைத்தது.

கருவி இல்லாத கணக்கு எனக்கு ஐந்து வருடம் மாதம் 14,500க்கு மேல் தரவில்லை. கணக்கு இல்லாத கருவி அந்த அறையில் இரண்டு வாரம் திணறியது. இரண்டும் வேண்டும், எது முதலில் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்கிறது என்பதுதான் பணம். என்னிடம் சேர்ந்தது 28 வயதில். உங்கள் மகளுக்கு 19இல் சேர முடியும், 12.5 லட்சம் இல்லாமலும்.

28 மே

மேலே எழுதியதையெல்லாம் மறுபடி படித்தேன். ஒரு பெரிய ஓட்டை. என் கதையையே கணக்காகப் போட்டிருக்கிறேன். என் எம்.எஸ்சி. வகுப்பில் 22 பேர். வாட்ஸ்அப் குழுவை வைத்து எண்ணினேன்.

தனியார் பள்ளி, கல்லூரிகளில் கற்பிப்பவர்கள் 9. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர்கள் 4. வங்கியில் 2. தரவு, மென்பொருள் பக்கம் என்னையும் சேர்த்து 3. வீட்டில் இருப்பவர்கள் 3, மூவரும் பெண்கள், ஒருத்தி எங்கள் பேட்சில் தங்கப் பதக்கம். ஒருவர் தொடர்பில் இல்லை.

வருமானத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது நான் இல்லை, தனியார் பள்ளி ஆசிரியர். அவர்களில் பலருக்கு இன்றும் மாதம் 25,000ஐ ஒட்டித்தான். சராசரி எடுத்தால் எங்கள் மூன்று பேரின் சம்பளம் எண்ணை மேலே தூக்கிவிடும். "ஆரம்பமே 8 லட்சம்" என்று அட்மிஷன் ஆபீஸில் சொன்னால், எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் வேலை தேடினார்கள், நடு ஆளுக்கு எவ்வளவு என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவதுக்கு எண் வராவிட்டால் முதல் எண்ணை நம்பாதீர்கள்.

2 ஜூன்

டீச்சர்தான் ஆகணும் என்று சொன்ன மச்சானுக்காக. அரசு முதுகலை ஆசிரியர் பணி கேவலமான முடிவு இல்லை. ஊதிய நிலை 36,900இல் தொடங்குகிறது, அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. என் வகுப்பின் நான்கு பேரில் இரண்டு பேர் என்னைவிட முன்னாடியே தங்கள் அண்ணன்மாரைத் தாண்டியிருப்பார்கள். மற்ற இருவரில் ஒருவர் எட்டு வருடம் காத்திருந்தார். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) அறிவிப்பு வராத வருடங்களில் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளம், மாலையில் டியூஷன், இரவில் பயிற்சி மையம். தேர்வில் 150 கேள்வியில் 110 பாடத்திலிருந்து. கணக்குப் படித்தவருக்கு அது பலம், ஆனால் அந்தப் பலத்தோடு பல்லாயிரம் பேர் வருவார்கள்.

என் காலத்து வழியை அப்படியே பின்பற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது பி.எட். ஒரு வருடம், 2015 முதல் இரண்டு வருடம். ஆக, ஆசிரியர் பாதை என்றால் 3 + 2 + 2, ஏழு வருடம். எம்.ஃபில்.லைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022இல் நிறுத்திவிட்டது. நான் 24,000 கட்டி வாங்கிய பட்டத்தை இன்று யாருக்கும் ஒரு வழியாகச் சொல்ல முடியாது.

5 ஜூன்

ராமானுஜன் டிகிரி இல்லாமல் சாதித்தார், பணத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று ஒருவர். ராமானுஜனின் கதையிலும் பணம் இருக்கிறது. 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் குமாஸ்தா, மாதம் 30 ரூபாய். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது, மாதம் 75 ரூபாய். இரண்டரை மடங்கு, அதுவும் கணக்குப் போடுவதற்காகவே. அந்த 75 ரூபாய் அவருக்கு நேரத்தை வாங்கிக் கொடுத்தது.

நாமும் அதைத்தான் தேட வேண்டும்: கணக்குப் படிக்கப் பணம் வாங்கும் இடம் அல்ல, பணம் கொடுக்கும் இடம். இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பி.ஸ்டாட்., பி.மேத். மாணவர்களுக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. சென்னைக்காரர் எஸ்.ஆர்.எஸ். வரதன் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு அங்கேதான் போனார். தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாடு கற்கலாம் என்று போனவர், 2007இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு வாங்கினார். சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் (சி.எம்.ஐ.) இருக்கிறது, நுழைவுத் தேர்வு கடினம். பிளஸ் டூவில் மாநில அளவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் இன்ஸ்பையர் உதவித்தொகை, வருடம் 80,000 வரை. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000. என் கல்லூரிச் சம்பளத்தின் உச்சத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல், படிப்பதற்காக!

எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. போக ஜாம் தேர்வு. இது 2004 முதல் இருக்கிறது. நான் பி.எஸ்சி. முடித்தது 2006. இரண்டு வருடம் பழைய தேர்வு, யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இதை எழுதும்போது இன்னமும் மனசு வலிக்கிறது. உங்கள் மகளிடம் இன்றே சொல்லுங்கள்.

6 ஜூன்

நேற்றையதில் ஒரு திருத்தம். புள்ளியியல் கழகம், சி.எம்.ஐ. இரண்டுக்கும் விண்ணப்பம் தேர்வுக்கு முன்பே, வருட ஆரம்பத்து மாதங்களிலேயே முடிந்துவிடும். இந்த வருடம் அது போய்விட்டது. ஆசை காட்டியதற்கு மன்னிக்கவும். பிளஸ் ஒன்னில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இப்போதே நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

12 ஜூன்

ஆக்சுவரி, அதாவது காப்பீட்டில் இடரையும் பிரீமியத்தையும் கணக்கிடும் வேலை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் பட்டதாரிக்கு நேராகப் பணமாகும் வழிகளில் இது ஒன்று. நுழைவுத் தேர்வு ஏசெட், அதன்பின் தாள் தாளாக எழுதிக்கொண்டே போவது. சி.எஸ்.1, சி.எஸ்.2 புள்ளியியல், சி.எம்.1, சி.எம்.2 காப்பீட்டு, நிதிக் கணிதம். இப்போது இவற்றில் கணினியில் செய்யும் தாளும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம் என்பது பெரிய வசதி. ஆனால் முடிக்கப் பல வருடம், ஒவ்வொரு தாளுக்கும் தனிக் கட்டணம். நான் சில தாள்கள் தேறினேன், இரண்டாவது குழந்தை பிறந்ததும் நிறுத்தினேன். தேறிய தாள்கள் வீணாகவில்லை, சம்பளப் பேச்சில் ஒவ்வொன்றும் உதவியது. சீக்கிரம் தொடங்குகிறவருக்கே இது லாபம்.

இன்னொன்று, சின்னதாகத் தெரியும், சின்னதல்ல. பி.எஸ்சி. கணிதத்தில் துணைப்பாடமாக இயற்பியலா புள்ளியியலா என்று கேட்பார்கள். புள்ளியியலை எடுக்கச் சொல்லுங்கள். இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாகவோ, முதுகலைப் பட்டம் புள்ளியியலிலோ இருக்க வேண்டும். நான் இயற்பியல் எடுத்தேன், தோழிகள் எடுத்தார்கள் என்பதற்காக. ஒரு கட்டத்தில் அந்தக் கதவு அப்படியே சாத்தியிருந்தது.

20 ஜூன்

கேட்டவர் அந்தத் தனியார் பல்கலையின் பாடத்திட்டத்தை அனுப்பினார். முழுக்கப் படித்தேன். மோசம் இல்லை. மூன்றாம் வருடம் ஸ்டோகாஸ்டிக் ப்ராசஸ், நான்காம் வருடம் ஆப்டிமைசேஷன், கடைசி அரையாண்டு முழுவதும் ப்ராஜெக்ட். ஆனால் ஆய்வகம் எங்கே என்று தேடினேன். ஐந்து வருடத்தில் இரண்டே தாள்களுக்கு. நியூமரிக்கல் மெத்தட்ஸுக்கு ஆய்வக மதிப்பெண்ணே இல்லை. 2006இல் நான் எழுதிய அதே தாளை 2025இல் 12.5 லட்சத்துக்கு எழுத வேண்டுமா?

பேராசிரியர்கள் நல்லவர்களாக இருக்கலாம், படிப்பைக் குறை சொல்லவில்லை. அந்த விலைக்கு அந்தக் கருவியைக் கொடுக்கவில்லை என்கிறேன். உள்ளூர்க் கல்லூரியும் கொடுக்காது, ஆனால் அங்கே மிச்சமாகும் பணத்தில் வெளியே வாங்கிக்கொள்ளலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் 2020 முதல் இருக்கிறது, பி.எஸ்சி.யோடு சேர்த்தே படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டத்துக்கு யு.ஜி.சி. 2022இல் அனுமதி கொடுத்துவிட்டது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. சுமை அதிகம், வாரம் முழுக்க வேலை இருக்கும். முதல் பருவத்தில் இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்க விடாதீர்கள்.

உங்கள் மகள் அரசுப் பள்ளி மாணவி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். உள்ளூர்க் கல்லூரியின் கட்டணத்துக்கு அதுவே சரியாகிவிடும்.

9 ஜூலை

கேட்டவர் எழுதியிருக்கிறார்: உள்ளூர்க் கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள், துணைப்பாடம் புள்ளியியல். லோன் போடவில்லை. மகள் கேட்கிறாளாம், முதலில் எதைச் செய்து பார்ப்பது என்று.

அவளுக்கு: கல்லூரி லேபிலோ அப்பா போனிலோ பைத்தான் திற. இந்த மூன்று சமன்பாட்டையும் காஸ்-சீடலில் ஓடவிடு.

10எக்ஸ் + ஒய் + இசட் = 12
2எக்ஸ் + 10ஒய் + இசட் = 13
2எக்ஸ் + 2ஒய் + 10இசட் = 14

மூன்றுக்கும் விடை 1. பூஜ்யத்திலிருந்து தொடங்கினாலும் நாலைந்து சுற்றில் வந்துவிடும். பிறகு முதல் வரியையும் மூன்றாம் வரியையும் இடம் மாற்றிப் போட்டு, வேறு எதையும் தொடாமல், மறுபடி ஓடவிடு. என்ன ஆனது என்று இங்கே வந்து எழுது.

10 ஜூலை

அப்பாவின் கணக்கிலிருந்து பதில் வந்திருக்கிறது: "அக்கா, முதல் சுத்துல இசட் மைனஸ் 57.9. ரெண்டாவது சுத்துல எக்ஸ் 296.6, இசட் மைனஸ் மூவாயிரத்தைத் தொடப்போகுது. தப்பா டைப் பண்ணிட்டேனா?"

இல்லைம்மா, தப்பில்லை. சரியாகத்தான் ஓடுகிறது. இப்போது ஒவ்வொரு வரியிலும் எந்த எண்ணால் வகுக்கிறாய் என்று பார்.

10 ஜூலை, இரவு

"மொதல்ல 10ஆல வகுத்தேன். இப்ப மொத வரியில 2ஆல வகுக்கிறேன், கடைசி வரியில 1ஆல."